கைபேசி தானாக அணைந்து அணைந்து எழுகிறதா? தரவை இழக்காமல் காரணம் கண்டறியும் முறை

பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகிறது. தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் தோன்றுகிறது. சிறிது நேரத்தில் கைபேசி ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் எழுந்து நிற்கிறது. ஒருமுறை நிகழ்ந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரே நாளில் நான்கைந்து முறை நிகழத் தொடங்கிய பிறகுதான் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். அங்கே பல நேரம் முதலில் சொல்லப்படுவது, ‘ஃபேக்டரி ரீசெட்’ (உள்ளே இருப்பவை அனைத்தையும் அழித்துப் புதிய கைபேசியின் நிலைக்குக் கொண்டுவருவது) செய்துவிடலாம் என்பதே. என் சித்தியின் கைபேசிக்கு அப்படித்தான் நேர்ந்தது. பேத்தி பிறந்த நாள் முதல் அவர் எடுத்துச் சேர்த்திருந்த படங்கள் அனைத்தும் பத்து நிமிடங்களில் அழிந்தன. மறுநாளே கைபேசி முன்போலவே அணைந்து எழத் தொடங்கியது, ஏனென்றால் பழுது மென்பொருளில் இல்லை, பேட்டரியில் இருந்தது.

அந்த இழப்பைத் தவிர்த்திருக்க முடியும் என்பதை அறிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கீழே உள்ள படிகள், தரவுக்கு எந்தக் கேடும் செய்யாதவற்றிலிருந்து தொடங்கி, அனைத்தையும் அழிக்கும் படியைக் கடைசியில் வைத்து அடுக்கப்பட்டுள்ளன. வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். கைபேசியைத் திறந்து பிரிக்க வேண்டிய தேவை எந்தப் படியிலும் இல்லை.

எழுந்து நிற்கும் நேரத்திலேயே தரவைக் காப்பாற்றுங்கள்

கைபேசி இன்று இயங்குகிறது என்பதால் நாளையும் இயங்கும் என்று சொல்ல முடியாது. இப்போதைய ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் ஐபோன்களிலும் உள்நினைவகத்தில் இருப்பவை அனைத்தும் குறியாக்கம் செய்யப்பட்டே (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே) சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியே அழிக்கப்படுகிறது. பழைய கணினிகளின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து அழிந்த கோப்புகளை மீட்டதுபோல் இங்கே மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

படங்களுக்கு கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் ‘பேக்கப்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது முடியும்வரை காத்திருக்க இயலாத அளவுக்குக் கைபேசி அடிக்கடி அணைகிறதென்றால், சார்ஜ் கேபிளைக் கணினியில் செருகி, திரைப்பூட்டைத் திறந்து, ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘டிசிஐஎம்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘கேமரா’ கோப்புறையை முதலில் நகலெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகலெடுக்க முயன்றால் நடுவில் அணையும்போது எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாது. ஆகவே நூறு நூறு படங்களாக எடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் ‘ஆண்ட்ராய்டு’ கோப்புறைக்குள் ‘மீடியா’ என்ற கோப்புறையில் இருக்கும். உரையாடல்களுக்கு வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சாட்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘சாட் பேக்கப்’ செய்யுங்கள்.

தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, கைபேசியில் மட்டும் இருக்கின்றனவா என்பதைத் தொடர்புகள் செயலியில் பார்த்துவிடுங்கள். கைபேசியில் மட்டும் இருந்தால் ‘எக்ஸ்போர்ட்’ செய்து அந்தக் கோப்பை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். இறுதியாக, கூகுள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களுக்கு உண்மையாகவே தெரியுமா என்பதை வேறொரு கருவியில் உள்நுழைந்து சோதியுங்கள். 2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல், திருட்டைத் தடுப்பதற்காக, ‘ரெக்கவரி’ (கைபேசி இயல்பாக எழாதபோது பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மீட்புப் பட்டியல்) வழியாக அழிக்கப்பட்ட கைபேசி பழைய கணக்கின் விவரத்தைக் கேட்டுத்தான் திறக்கும். கடவுச்சொல் மறந்தவர்கள் தங்கள் கைபேசிக்கு வெளியே தாங்களே நிற்க நேர்கிறது. ஐபோனிலும் ‘ஃபைண்ட் மை’ (தொலைந்த கருவியைக் கண்டறியும் வசதி) இயக்கத்தில் இருந்தால், அழித்த கருவியை மீண்டும் இயக்க ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படலாம்.

இரண்டு நாள் குறிப்பெடுங்கள்

பழுதுபார்ப்பவர்களில் திறமையானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘எப்போது அணைகிறது?’ என்பதுதான். அதற்குப் பதில் ‘எப்போதும்’ என்றால் அவருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது. ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முறையும் நேரம், அப்போது பேட்டரி எத்தனை சதவீதம் காட்டியது, சார்ஜரில் இருந்ததா, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கைபேசி சூடாக இருந்ததா என்ற ஐந்தையும் எழுதுங்கள். இரண்டு நாள் குறிப்பு பெரும்பாலும் காரணத்தின் பாதியைச் சொல்லிவிடும்.

சார்ஜரிலிருந்து கழற்றிய பிறகு மட்டும் அணைந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டும் அணைந்தால் சார்ஜர், கேபிள், சார்ஜ் செருகுமிடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே செயலியைத் திறக்கும்போதெல்லாம் நடந்தால் மென்பொருள் பக்கம் திரும்பலாம். சட்டைப் பையிலிருந்து எடுக்கும்போதோ மேசைமேல் வைக்கும்போதோ நடந்தால், உள்ளே ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது.

இன்னொரு நுட்பமான அடையாளம் உண்டு. பலருக்கும் இது தெரியாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகள், ‘அபவுட் ஃபோன்’, ‘ஸ்டேட்டஸ்’ என்று சென்றால் ‘அப் டைம்’ என்ற வரியில் கைபேசி எத்தனை மணி நேரமாக இயங்குகிறது என்பது தெரியும் (சில மாதிரிகளில் இது ‘அபவுட் ஃபோன்’ பக்கத்திலேயே இருக்கும்). கைபேசி அணைந்து எழுந்த பிறகு அந்தக் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால் முழு மறுதொடக்கம் நடந்திருக்கிறது. சின்னம் அசைந்தாடும் படம் மட்டும் தோன்றி மறைந்து, ‘அப் டைம்’ பழைய கணக்கையே தொடர்ந்தால், இயங்குதளத்தின் மேலடுக்கு மட்டும் விழுந்து எழுந்திருக்கிறது. இரண்டாவது வகை பெரும்பாலும் மென்பொருள் சிக்கல். அதற்குப் பேட்டரியை மாற்றுவது வீண் செலவு.

பழுதே இல்லாத மறுதொடக்கங்களும் இருக்கின்றன. சாம்சங், ஷாவ்மி, ஓப்போ, விவோ போன்ற நிறுவனங்களின் கைபேசிகள் பலவற்றில் குறித்த நேரத்தில் தானாக அணைந்து எழும் வசதி உண்டு. தெரியாமல் அது இயக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மறுதொடக்கம் நடக்கும். மூன்று நாள் தொடர்ந்து பூட்டியே கிடந்த கைபேசி தானாக மறுதொடக்கம் ஆவதும் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18.1 அதை ஐபோனில் கொண்டுவந்தது, 2025-இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. மேசை இழுப்பறையில் கிடக்கும் இரண்டாவது கைபேசி அப்படி எழுந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

வெளியில் இருக்கும் காரணங்கள்

உறையைக் கழற்றிவிடுங்கள். கைபேசியின் அளவுக்குச் சரியாகப் பொருந்தாத உறை பவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கைபேசி அதைக் கட்டாய மறுதொடக்கக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பல மாதிரிகளில் பவர் பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தாலே அது அணைந்து எழுந்துவிடும். பொத்தானை விரலால் அழுத்திப் பாருங்கள். ‘டிக்’ என்ற தெளிவான உணர்வு இல்லாமல் மெத்தென்று உள்ளே போனாலோ, அமுங்கியபடியே நின்றாலோ காரணம் அங்கேயே இருக்கலாம். சிறிது இடைவெளி விட்டு ஒரே சீராக அணைந்து எழும் கைபேசிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பொத்தானைத்தான்.

அடுத்து, கைபேசியை அணைத்துவிட்டு சிம் அட்டையையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்து, அவை இல்லாமல் சில மணி நேரம் இயக்கிப் பாருங்கள். பழுதான மெமரி கார்டைப் படிக்க முயன்று முயன்று கைபேசி தடுமாறி விழுவது உண்டு, குறிப்பாகச் செயலிகளையே அந்த அட்டைக்கு மாற்றி வைத்திருப்பவர்களுக்கு. சிம் தட்டை வெளியே எடுக்கும்போது, அந்தத் துளைக்குள் ஒரு சிறிய வெள்ளை ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள். பல மாதிரிகளில் அங்கே நீர் காட்டி ஒட்டப்பட்டிருக்கும். அது சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறியிருந்தால் உள்ளே ஈரம் சென்றிருக்கிறது. மழையில் நனைந்த அன்று ஒன்றும் ஆகாமல், சில வாரங்கள் கழித்து உலோக இணைப்புகள் அரித்த பிறகு மறுதொடக்கம் தொடங்குவது வழக்கமான ஒன்று. நனைந்த கைபேசியை அரிசிக்குள் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசியின் நுண்துகள் கேடு செய்யும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது.

சார்ஜ் ஏறும்போது மட்டும் அணைந்தால், கைபேசியுடன் வந்த சார்ஜரையும் வேறொரு நல்ல கேபிளையும் கொண்டு சோதியுங்கள். செருகுமிடத்தில் பஞ்சும் தூசியும் அடைந்திருந்தால் கைபேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குத்தியால் மெதுவாக எடுக்கலாம். ஊசியோ பின்னோ கூடாது.

வெப்பத்தைப் பற்றி ஒரு சொல். ஐபோனை 35 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். சித்திரை, வைகாசி வெயிலில் நம் ஊர்களின் நிழலே அதைத் தாண்டிவிடுகிறது. இருசக்கர வண்டியின் கைப்பிடியில் மாட்டி, வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டு, கூடவே சார்ஜும் ஏற்றினால் எந்தக் கைபேசியும் தன்னைக் காத்துக்கொள்ள அணையத்தான் செய்யும். நிழலில் வைத்துக் குளிரவிட்ட பிறகு மீண்டும் நடக்கவில்லை என்றால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். விரைவாகக் குளிர்விக்க ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும்.

பேட்டரி

இரண்டு, மூன்று ஆண்டு பயன்படுத்திய கைபேசி அணைந்து எழுகிறதென்றால் முதல் சந்தேகம் பேட்டரியின் மீதுதான் விழ வேண்டும் என்பது என் அனுபவம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘நாற்பது சதவீதம் இருக்கும்போதே அணைகிறதே, பேட்டரி எப்படிக் காரணமாகும்?’ என்று கேட்டுப் பலரும் தவறான பக்கம் போய்விடுகிறார்கள்.

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் பாதி நீர் இருக்கிறது. ஆனால் கீழே வரும் குழாயில் பல ஆண்டு உப்பு படிந்து துளை சுருங்கிவிட்டது. ஒரு குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. குளியலறை, சமையலறை, கொல்லை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எதிலும் வருவதில்லை. லித்தியம் அயான் பேட்டரி முதுமையடையும்போது நடப்பதும் இதுதான்: அதன் உள்மின்தடை கூடிக்கொண்டே போகிறது. கேமராவின் ஃபிளாஷ் மின்னும்போதோ, சிக்னல் குறைந்த இடத்தில் அழைப்பு பேசும்போதோ, விளையாட்டுச் செயலி திறக்கும்போதோ கைபேசி ஒரு நொடிக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கேட்கிறது. அந்த நொடியில் பேட்டரியின் வோல்ட் அளவு சட்டெனச் சரிகிறது. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனதும் மின்சாரத்தை மேற்பார்வையிடும் சில்லு கைபேசியை அணைத்துவிடுகிறது. பேருந்திலோ ரயிலிலோ செல்லும்போது மட்டும் கைபேசி அணைகிறது என்று சிலர் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் கோபுரம் தொலைவில் இருக்கும்போது கைபேசி கூடுதல் ஆற்றலுடன் அலை அனுப்ப வேண்டியிருக்கிறது.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஆப்பிளின் வரலாறே சான்று. பழைய ஐபோன்கள் திடீரென அணைவதைத் தடுக்க, 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அவற்றின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இது வெளிப்பட்டு எதிர்ப்பு எழுந்ததும் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018-இல் வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் நலத்தைப் பயனரே பார்க்கும் வசதியும் வந்தது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் ‘பேட்டரி’ பகுதிக்குச் சென்று ‘பேட்டரி ஹெல்த்’ என்பதைப் பாருங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, எதிர்பாராமல் அணைந்தது பற்றிய அறிவிப்பு அங்கே எழுதப்பட்டிருந்தாலோ தயங்காமல் பேட்டரியை மாற்றிவிடலாம். சாம்சங் கைபேசியில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலியின் பரிசோதனைப் பகுதியில் பேட்டரி நிலையைப் பார்க்கலாம்.

எண் எதுவும் காட்டாத கைபேசிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நல்ல சார்ஜரில் செருகியபடியே அரை மணி நேரம் காணொளி எடுங்கள், ஃபிளாஷுடன் படமெடுங்கள், யாரையாவது அழைத்துப் பேசுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, 30 அல்லது 40 சதவீதத்தில் அதையே செய்யுங்கள். சார்ஜரில் இருக்கும்போது நிலையாக நின்று, கழற்றியதும் அணைந்தால் பேட்டரிதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சதவீதம் 45-இலிருந்து 20-க்குத் தாவுவதும், அணைந்த கைபேசியைச் சார்ஜரில் போட்டவுடன் பழைய சதவீதத்தையே காட்டுவதும் இதே நோயின் அடையாளங்கள்.

கைபேசியின் பின்புற மூடி மேலெழும்பியிருந்தாலோ, சமதளத்தில் வைத்துச் சுற்றினால் பம்பரம்போல் சுழன்றாலோ, திரையின் ஓரம் சட்டகத்திலிருந்து பிரிந்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிலையில் மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம். அணைத்துவிடுங்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள், தலையணைக்கு அருகில் வைக்காதீர்கள்; அன்றே பழுதுபார்க்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மென்பொருள் பக்கம்

முதலில் சேமிப்பிடத்தைப் பாருங்கள். உள்நினைவகம் முழுவதும் நிரம்பிவிட்டால் இயங்குதளம் தனக்கு வேண்டிய தற்காலிகக் கோப்புகளைக் கூட எழுத முடியாமல் திணறுகிறது. ஐபோன்கள் சின்னத்தோடு நின்றுவிடுவதற்கும் இது தெரிந்த காரணம். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்த காணொளிகளை நீக்கினாலே பலருக்கும் அந்த இடம் கிடைத்துவிடும். பிறகு இயங்குதளப் புதுப்பிப்பும், ப்ளே ஸ்டோரில் செயலிகளின் புதுப்பிப்பும் இருந்தால் செய்துவிடுங்கள். ஆனால் பேட்டரி சந்தேகத்துக்குரியது என்றால் புதுப்பிப்பை நிறுவும்போது சார்ஜரிலேயே வைத்திருங்கள்.

ஒரு சிறிய மென்பொருள் பிழை எத்தனை பேரை வாட்டும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். 2017 டிசம்பர் 2 அன்று நள்ளிரவு கடந்து கால் மணி நேரத்தில், ஐஓஎஸ் 11 இயங்கிய ஐபோன்கள் பல, செயலிகளின் நினைவூட்டல் அறிவிப்புகளைக் கையாள முடியாமல் மீண்டும் மீண்டும் விழுந்து எழுந்தன. ஆப்பிள் உடனே 11.2 புதுப்பிப்பை வெளியிட்டது. 2020-இல் ஓர் அழகிய ஏரிப் படம் பரவியது. அதைப் பின்னணிப் படமாக வைத்த ஆண்ட்ராய்டு 10 கைபேசிகள் பலவும், அப்படத்தின் நிற விவரங்களைக் கணக்கிடுவதில் ஏற்பட்ட பிழையால் ஓயாமல் அணைந்து எழுந்தன. ஆகவே சிக்கல் தொடங்குவதற்கு முந்தைய நாள் என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள்: புதிய செயலியா, புதிய தீமா, புதிய பின்னணிப் படமா, புதுப்பிப்பா?

நினைவுக்கு எதுவும் வரவில்லை என்றால் ‘சேஃப் மோட்’ என்ற நிலை கைகொடுக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் பவர் பொத்தானை அழுத்தி வரும் பட்டியலில் ‘பவர் ஆஃப்’ என்பதை விரலால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மாதிரிகளில் இதற்கான கேள்வி வரும். வராவிட்டால் கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கி, சின்னம் தோன்றியதும் ஒலியைக் குறைக்கும் பொத்தானை முழுவதும் எழும்வரை அழுத்திப் பிடியுங்கள். திரையின் கீழ் மூலையில் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்து தெரிய வேண்டும். இந்த நிலையில் நீங்கள் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காது. வாட்ஸ்அப், வங்கிச் செயலிகள்கூட இயங்கா, ஆனால் அவற்றின் தரவு அப்படியே இருக்கும். அழைப்பு பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம்.

அப்படியே ஒரு முழு நாள் பயன்படுத்துங்கள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் மிகுதி. ஒரு நாளில் இரண்டு முறை மட்டும் அணையும் கைபேசிக்கு அரை மணி நேரம் எதையும் நிரூபிக்காது. ஒரு நாள் முழுவதும் அணையாமல் இருந்தால் குற்றவாளி நீங்கள் நிறுவிய செயலிகளில் ஒன்று. இயல்பாக மறுதொடக்கம் செய்தால் சேஃப் மோடிலிருந்து வெளியே வந்துவிடலாம். பிறகு, கடைசியாக நிறுவியதிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கிச் சோதியுங்கள். நினைவகத்தைத் துப்புரவு செய்வதாகவும் பேட்டரியைக் காப்பதாகவும் சொல்லிக்கொள்ளும் செயலிகள், ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவியவை ஆகியவற்றை முதலில் நீக்குவேன். சேஃப் மோடிலும் அணைந்தால் மீதமிருப்பவை இயங்குதளமும் வன்பொருளும்தான்.

சின்னத்தைத் தாண்டி எழவே இல்லை என்றால்

இது வேறு நிலை. கடைக்காரர்கள் ‘லோகோவிலேயே நிற்கிறது’ என்பார்கள். முதலில் ஒரு மணி நேரம் சார்ஜரில் வைத்துவிட்டுக் கட்டாய மறுதொடக்கம் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானை 30 நொடி வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் மாதிரிகளில் அதோடு ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஐபோன் 8 முதல் பின்வந்த மாதிரிகளில் ஒலி கூட்டும் பொத்தானை ஒருமுறை, குறைக்கும் பொத்தானை ஒருமுறை விரைவாக அழுத்திவிட்டு, பக்கவாட்டுப் பொத்தானைச் சின்னம் தோன்றும்வரை பிடித்திருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 8 முதல், மீண்டும் மீண்டும் விழும் கைபேசியைத் தானே மீட்க முயலும் ஏற்பாடு இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது. மையச் செயல்முறை ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் விழுந்தால் அது தலையிட்டு, அமைப்புகளைப் படிப்படியாக மீட்டமைத்துப் பார்க்கும். அதுவும் பலிக்காதபோது, ஆண்ட்ராய்டை ஏற்ற முடியவில்லை, தரவு சிதைந்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்து, கீழே ‘ட்ரை அகெய்ன்’, ‘ஃபேக்டரி டேட்டா ரீசெட்’ என்ற இரண்டு தெரிவுகள் நிற்கும். அந்தத் திரையைக் கண்டு பதறி இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள். ‘ட்ரை அகெய்ன்’ என்பதைப் பல முறை முயன்று பாருங்கள். ஒருமுறை எழுந்து நின்றாலும் படங்களை நகலெடுக்க அது போதும்.

ரெக்கவரி பட்டியலுக்குச் செல்லும் பொத்தான் சேர்க்கை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பல கைபேசிகளில் பவர் பொத்தானும் ஒலி கூட்டும் பொத்தானும். புதிய சாம்சங் மாதிரிகளில் அவற்றை அழுத்தும்போது கேபிள் வழியாகக் கணினியோடு இணைத்திருக்கவும் வேண்டும். அங்கே ‘வைப் கேச் பார்ட்டிஷன்’ என்று இருந்தால் அதைச் செய்யலாம். உங்கள் படங்களையும் செய்திகளையும் அது தொடாது. அதற்கு மிக அருகிலேயே ‘வைப் டேட்டா’ என்ற வரி இருக்கும். அதுதான் அனைத்தையும் அழிப்பது. தேர்ந்தெடுக்கும் முன் இருமுறை படியுங்கள்.

ஐபோனைக் கணினியில் இணைத்து, மேலே சொன்ன பொத்தான் வரிசையைச் சின்னம் வந்த பிறகும் விடாமல் பிடித்திருந்தால் கேபிள் படம் தோன்றும். கணினி ‘அப்டேட்’, ‘ரீஸ்டோர்’ என்று இரண்டைக் கேட்கும். முதலாவது தரவை வைத்துக்கொண்டே இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும், இரண்டாவது அழித்துவிடும். கோப்பு இறங்குவதற்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேலானால் ஐபோன் அந்த நிலையிலிருந்து வெளியேறிவிடும். இறக்கம் முடிந்ததும் பொத்தான் வரிசையை மீண்டும் செய்து ‘அப்டேட்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அணையும் ஐபோன்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழுதுக்கு ரீசெட் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் பலர் செய்துவிடுகிறார்கள். ஐபோனின் வெப்பக் கண்காணிப்பு நிரல் உணரிகளிடமிருந்து தகவல் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும். 180 நொடி வரை அது பதில் அளிக்கவில்லை என்றால் இயங்குதளம் தானாக மறுதொடக்கம் செய்துவிடும். ஆகவே கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சீராக அணையும். அமைப்புகளில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ்’, ‘அனலிட்டிக்ஸ் டேட்டா’ என்று சென்றால் ‘பேனிக் ஃபுல்’ என்று தொடங்கும் கோப்புகள் இருக்கும். அவற்றில் எந்த உணரி காணவில்லை என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது சார்ஜ் செருகுமிடத்தோடு இணைந்த மெல்லிய இணைப்புப் பட்டையில் (ஃபிளெக்ஸ் கேபிள்) உள்ள மைக் அல்லது காற்றழுத்த உணரி. முன்பு எங்காவது சார்ஜ் செருகுமிடத்தை மாற்றியிருந்தால், அல்லது அங்கே நீர் புகுந்திருந்தால், அந்தப் பட்டையை நல்லதாக மாற்றினாலே கைபேசி சரியாகிவிட வாய்ப்பு மிகுதி. அந்தக் கோப்பை ‘ஸ்கிரீன்ஷாட்’ எடுத்துத் தொழில்நுட்பரிடம் காட்டுங்கள்.

பழுதுபார்க்கும் இடத்தில்

மேலே உள்ளவை எதுவும் பலிக்காமல், தரவும் பத்திரமாக இருக்கிறது என்றால் இப்போது ரீசெட் செய்து பார்க்கலாம். அதன் பிறகும் அணைந்தால் பழுது பெரும்பாலும் போர்டில் (கைபேசிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில்) இருக்கிறது. கீழே விழுந்ததாலோ, தொடர்ந்து சூடேறிக் குளிர்வதாலோ சில்லுகளைப் போர்டோடு இணைக்கும் நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் விடுகின்றன. சில நேரம் தயாரிப்பிலேயே அந்தக் குறை இருக்கும்: 2015-இல் வந்த ஜி4 மாதிரி ஓயாமல் அணைந்து எழுந்ததற்கு உறுப்புகளுக்கிடையே தளர்ந்த இணைப்பே காரணம் என்று 2016 ஜனவரியில் எல்ஜி நிறுவனம் ஒப்புக்கொண்டு இலவசமாகப் பழுதுநீக்க முன்வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் உங்கள் மாதிரிக்கு அப்படி ஏதேனும் அறிவிப்பு உண்டா என்று நிறுவனத்தின் அதிகாரபூர்வச் சேவை மையத்தில் கேளுங்கள்.

கடையில் கொடுக்கும்போது இரண்டு நாள் எழுதிய தாளையும் கொடுங்கள். ‘என் அனுமதி இல்லாமல் அழிக்க வேண்டாம்’ என்பதை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது வேலை மேசையில் இருப்பவருக்குப் போய்ச் சேராமலே போகிறது, என் சித்தி விஷயத்தில் நடந்ததும் அதுதான். திரைப்பூட்டு எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. கைபேசி எழுந்து நிற்கிறதென்றால் சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, கூகுளின் பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ என்ற நிலையை இயக்கிக் கொடுத்தால், உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்திருக்க, அவர்கள் சோதனை செய்ய முடியும். பேட்டரியோ பட்டையோ மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். உப்பிய பேட்டரியாக இருந்தால் மட்டும் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்கிக்கொண்டு வரும் முன், அங்கேயே சார்ஜர் இல்லாமல் ஃபிளாஷுடன் பத்துப் படம் எடுங்கள், ஐந்து நிமிடம் காணொளி எடுங்கள், ஓர் அழைப்பு பேசுங்கள், கைபேசியை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பழைய செயலிகளை எல்லாம் ஒரே இரவில் நிறுவிவிடாதீர்கள். அன்றாடத் தேவைக்கான நான்கைந்தை மட்டும் நிறுவி, இரண்டு நாள் அணையாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றைச் சேருங்கள். அப்போது மீண்டும் அணைந்தால், எதைச் சேர்த்த பிறகு அணைந்தது என்பது உங்களுக்கே தெரியும்.